ஆறு மாதம் நின்ற மாஸி 1035: மூன்று நாள் வேலை

சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் ஒரு முனகு முனகும், இன்ஜினை அரைச் சுற்றுத் தூக்கிவிட்டு நின்றுவிடும். மறுபடி திருப்பினால் அதுவும் இல்லை, சொலினாய்டு 'டிக்' என்று ஒரு தட்டு தட்டுவதோடு சரி. மாமாவின் மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் சித்திரையிலிருந்து கொட்டகையில் இப்படித்தான் நின்றது.

மாமாவின் தோட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் பக்கம், பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா. கேரளத்தில் கரிசல் மண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பக்கம்தான் வரவேண்டும். வீட்டுப் பேச்சு தமிழ், ஆபீஸ் காகிதம் மலையாளம், உதிரி பாகத்துக்குப் பொள்ளாச்சி. சித்திரையில் மாமாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனது. வண்டியை வேறு யாரிடமும் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. புரட்டாசி கடைசியில் அத்தை போன் செய்தார். "ஐப்பசி மழை பிடிக்கறதுக்குள்ள தோப்புல ஒரு உழவு ஓட்டலைன்னா தண்ணி பூரா மேலோட ஓடிப் போயிரும் கண்ணு. மாமா ராத்திரியெல்லாம் அதையேதான் பேசிட்டு இருக்கறாரு."

எனக்குப் பொள்ளாச்சியில் மோட்டார் காயில் கட்டும் கடை. டீசல் இன்ஜின் என் தொழில் இல்லை. ஆனால் இந்த வண்டியில்தான் பத்து வயதில் மட்கார்டு மேல் உட்கார்ந்து உழவு பார்த்தேன். 1984-இல் வாங்கியது. 1960-இல் தொடங்கிய சென்னை டாஃபே கம்பெனியின் கட்டுமானம், உள்ளே மூன்று சிலிண்டர் சிம்ப்சன் இன்ஜின். ஒழுங்காக டீசலும் காற்றும் கிடைத்தால் இந்த இன்ஜின் இன்னொரு தலைமுறைக்கும் ஓடும் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். அதனால்தான் மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

நான் போவதற்குள் ஒரு மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்திருந்தார். பேட்டரியை சார்ஜ் போட்டு, டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றி (இதைத்தான் 'ஏர் எடுப்பது' என்போம்), ஒரு தடவை ஸ்டார்ட்டும் செய்துவிட்டார். இரண்டு நிமிடம் ஓடி நின்றது. அப்புறம் வரவே இல்லை. "பம்ப் போயிருக்குமுங்க. கழட்டிக் கோயமுத்தூர் அனுப்போணும். பத்தாயிரத்துக்கு மேல ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த 'இரண்டு நிமிடம் ஓடி நின்றது' என்ற சேதியை நான் அன்றைக்கே கெட்டியாகப் பிடித்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். சிலிண்டருக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப் அடியோடு போன வண்டி இரண்டு நிமிடம்கூட ஓடாது.

முதல் நாள் காலையில் எதையும் கழற்றவில்லை. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தேன். மாதக்கணக்கில் நின்ற இன்ஜின் உள்ளே பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரியாமல் செல்ஃபை அடிப்பது தப்பு. டாப் கியரில் போட்டு, கல்லைத் தள்ளி வைத்துவிட்டு, நானும் தோப்பில் வேலை செய்யும் இரண்டு பேருமாகப் பின் டயரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினோம். ஃபேன் பெல்ட் மெல்ல நகர்ந்தது. நல்லது, பிடிக்கவில்லை. மறுபடி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கல்லை வைத்தேன்.

ஆயில் குச்சியை எடுத்து மோந்து பார்த்தேன். இது முக்கியம். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் இன்ஜின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்தால் டீசல் நேராக ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு கூடியிருந்து டீசல் வாடை அடித்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது, தண்ணீர் மாதிரி ஆன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். இங்கே அளவு சரி, வாடையும் சரி. ரேடியேட்டரில் தண்ணீர் இருந்தது. ஏர் கிளீனரின் அடிக்கிண்ணத்தில் ஆயில் கட்டிப்போய்க் கிடந்தது, அதை மட்டும் கழுவி மாற்றினேன்.

அப்புறம் கரண்ட் பக்கம். இது எனக்குத் தெரிந்த வேலை.

பேட்டரியை முந்தின ராத்திரியே என் கடைக்கு வரவழைத்து மெதுவான சார்ஜில் போட்டிருந்தேன். சும்மா இருக்கும்போது 12.5 வோல்ட். செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு பேட்டரி முனைகளிலேயே மீட்டரை வைத்தால் 10.8. அப்படியென்றால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் அதன் உடம்பிலும் வைத்துப் பார்த்தால் வெறும் 8.2. நடுவில் 2.6 வோல்ட் எங்கோ காணாமல் போகிறது.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க எதையும் மாற்ற வேண்டியதில்லை. மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் இன்னொன்றை செல்ஃப் போல்ட்டிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். கேபிள் சுத்தமாக இருந்தால் மீட்டர் அரை வோல்ட்டுக்குள் காட்டும். 0.3 காட்டியது. அடுத்து நெகட்டிவ் முனைக்கும் செல்ஃபின் உடம்புக்கும். 2.3. எர்த் பக்கம்தான், அதாவது கரண்ட் வண்டியின் உடம்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பக்கம்.

எர்த் பட்டை பேட்டரியிலிருந்து கியர்பாக்ஸ் உடம்புக்குப் போகிறது. மேலே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, பெயிண்ட் அடித்து அழகாக இருந்தது. போல்ட்டைக் கழற்றியதும்தான் உள்ளே தெரிந்தது. பட்டையின் கண்ணுக்கு அடியில் பழைய பெயிண்ட், அதற்கு அடியில் துரு, ஓரத்தில் பச்சையாகப் பூத்துப்போன செம்பு. வண்டிக்கு மறு பெயிண்ட் அடித்த காலத்தில் பட்டையைப் பெயிண்டுக்கு மேலேயே மாட்டியிருக்கிறார்கள். உப்புத்தாள் போட்டு இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் தேய்த்தேன். பட்டையின் கண்ணையும் இரண்டு பக்கமும் தேய்த்து, புது ஸ்பிரிங் வாஷர் போட்டு முறுக்கி, வெளியே மட்டும் கொஞ்சம் கிரீஸ் தடவினேன். மறுபடி அளந்தபோது எர்த் பக்கம் 0.1.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் எல்லோரும் முதலில் பேட்டரியைத்தான் மாற்றுகிறார்கள், அடுத்து செல்ஃபைக் கழற்றுகிறார்கள். ஐந்து நிமிடம் மீட்டர் பிடித்தால் அந்தச் செலவு மிச்சம். டீசல் இன்ஜினுக்குச் சுற்றும் வேகம்தான் பற்றவைக்கும் நெருப்பு. காற்றை அழுத்தி அதில் பிறக்கிற சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரில் இறங்கிவிடும், காற்றும் பிஸ்டன் ரிங் வழியாகக் கசிந்துவிடும். பழைய டைனமோ வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். கழற்றும் முன் எந்த முனை உடம்புக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுறுசுறுப்பாகச் சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை. பத்து நொடி அடித்து, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி பத்து நொடி. அதற்கு மேல் விடாமல் அடித்தால் செல்ஃபின் காயில் கருகிவிடும். கருகிய காயில்களை நான் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன்.

சைலன்சரைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி அத்தையிடம் சொன்னேன். "புகை வருதுங்களா அத்தை?" "ஒரு துளிகூட இல்லை கண்ணு."

அந்த ஒரு வார்த்தை பாதி வேலையை முடித்துவிட்டது. செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை என்று அர்த்தம். அப்போது கம்ப்ரஷன், டைமிங், டீசலை சிலிண்டருக்குள் பீச்சும் நாசில் என்று தேட வேண்டும். புகையே இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசலே போகவில்லை. டேங்கிலிருந்து நாசில் வரை எங்கோ வழி அடைத்திருக்கிறது, அல்லது காற்று புகுந்திருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அந்த நேரத்தில் தன் வண்டியோடு வந்துவிட்டார். கயிறு கட்டி இழுத்தால் வந்துவிடும் என்றார். கூட வந்தவர் ஏர் கிளீனரில் பெட்ரோல் துணி காட்டலாம் என்றார். இரண்டுமே நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் டீசலே போகாத இன்ஜினை ஊர் முழுக்க இழுத்தாலும் ஓடாது. பெட்ரோல் ஆவி இவ்வளவு அழுத்தத்தில் நேரம் தவறி வெடிக்கும், ரிங் உடையும், சில நேரம் கனெக்டிங் ராடே வளையும். நாற்பது வருட இன்ஜினுக்கு அதைச் செய்ய நான் சம்மதிக்கவில்லை. மோர் குடித்துவிட்டு அவர்களும் கூட உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

முதல் சந்தேகம் ஸ்டாப் வயர். வண்டியை நிறுத்த இழுக்கும் குமிழியை உள்ளே தள்ளியாயிற்று. ஆனால் பம்ப் பக்கம் போய்ப் பார்த்தால் லிவர் பாதி வழியில்தான் நின்றது. மழைக்காலத்தில் வயர் உறைக்குள் துரு ஏறிப் பிடித்திருக்கிறது. கையால் லிவரைத் தள்ளி முழுசாக ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தேன். வயரைக் கழற்றி உத்தரத்தில் தொங்கவிட்டு, மேல்முனையில் காகிதக் கூம்பு சுற்றி, சொட்டுச் சொட்டாக ஆயில் இறங்க விட்டேன். ராத்திரி முழுக்க இறங்கட்டும். லிவரைக் கையால் பிடித்துக்கொண்டே செல்ஃப் அடித்தோம். அப்போதும் புகை இல்லை.

ஒரு நாசில் குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி அடித்துப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. இதைச் செய்யும்போது கையைப் பக்கத்தில் வைக்காதீர்கள். நாசில் திறப்பதற்கே சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 150 மடங்குக்கு மேல் வேண்டும். கார் டயரில் இருப்பது ஏறத்தாழ 2 மடங்குதான். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், மேலே ஊசி குத்திய மாதிரிதான் தெரியும். அப்படி ஆனால் உடனே ஆஸ்பத்திரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது.

சரி, ஏர் எடுக்க வேண்டும். ஃபீட் பம்பின் கை லிவரை அடித்தால் தொளதொளவென்று ஆடியது, தம்மே பிடிக்கவில்லை. மெக்கானிக் அண்ணனும் இதைப் பார்த்துத்தான் பயந்திருக்க வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த ஃபீட் பம்பை உள்ளே சுற்றும் தண்டில் இருக்கும் கேம் என்ற மேடு தள்ளுகிறது. இன்ஜின் நின்ற இடத்தில் கேமின் மேடு பம்பை ஏற்கெனவே முழுசாகத் தள்ளி வைத்திருந்தால் கை லிவருக்கு வேலை இருக்காது. செல்ஃபை ஒரு தட்டுத் தட்டி இன்ஜினைக் கொஞ்சம் நகர்த்தினேன். இப்போது லிவரில் கனம் வந்தது.

ஃபில்டரின் தலையில் இருக்கும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி அடிக்க ஆரம்பித்தேன். நுரை வந்தது. வந்துகொண்டே இருந்தது. சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை நின்று டீசல் மட்டும் கண்ணாடி போல வழிய வேண்டும். இருநூறு அடி அடித்திருப்பேன், கட்டைவிரல் வலி எடுத்துவிட்டது. நுரை குறையும், தெளிவாக நாலு சொட்டு வரும், மறுபடி நுரை. இருட்டிவிட்டது.

ராத்திரி சாப்பிடும்போது மாமாவிடம் கேட்டேன், சித்திரையில் கடைசியாக ஓட்டியபோது எப்படி இருந்தது என்று. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வாய்க்கா மேடு ஏறும்போது மூச்சு வாங்குச்சு மாப்ளே. தேங்கா லோடு இருந்துச்சு. கீழ நல்லா ஓடுது, மேட்டுல ஆக்சிலேட்டர் குடுத்தா வாங்க மாட்டேங்குது. ஃபில்டரு மாத்தோணும்னு நெனச்சேன். அதுக்குள்ளதான் இடுப்பு இப்படி ஆயிருச்சே."

முதல் வேலையாக அவரிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்! கட்டிலில் படுத்திருக்கிறார் என்பதால் தொந்தரவு செய்யக்கூடாது என்று விட்டுவிட்டேன். சும்மா ஓடும்போது கொஞ்சம் டீசல் போதும், மேட்டில் பல மடங்கு வேண்டும். அது கிடைக்கவில்லை என்றால் வரும் வழியில் எங்கோ நெருக்கம். பம்ப் தேய்ந்த வண்டிக்கும் மேட்டில் இழுவை குறையும்தான், ஆனால் நிற்காத நுரைக்குப் பம்பைக் குற்றம் சொல்ல முடியாது. நுரை வந்தது ஃபில்டரிலேயே. ஃபில்டர், டீசலை அழுத்தி அனுப்பும் அந்தப் பம்புக்கு முன்னால் இருக்கிறது.

இரண்டாம் நாள் காலையில் தோட்டத்துக்குப் பின்னால் மதில் கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் பழைய டியூப் லெவல் குழாய் ஒரு கெஜம் வாங்கினேன். உள்ளே போவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்கு இதைவிட நல்ல குழாய் கிடையாது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை அறுத்துத் தலைகீழாக ஸ்டீயரிங்கில் கட்டினேன். மூடியில் ஓட்டை போட்டுக் குழாயைச் செருகி, மறு முனையை நேராக ஃபீட் பம்பின் வாயில் மாட்டினேன். டேங்கும் அதன் ஹோஸும் இப்போது கணக்கிலேயே இல்லை. துணியில் வடிகட்டிய புது டீசலைப் பாட்டிலில் ஊற்றினேன்.

லிவரை அடித்தேன். குழாய்க்குள் ஒரு பெரிய குமிழி, பின்னால் இரண்டு சின்னக் குமிழி பம்புக்குள் போயின. அதற்குப் பிறகு குழாயில் வெறும் டீசல், லேசான மஞ்சள், அசையாமல். ஃபில்டர் ஸ்குரூவில் முப்பது அடியில் நுரை நின்றது. முந்தின நாள் இருநூறு அடித்தும் நிற்காத நுரை.

பிரைமரி ஃபில்டர் முடிந்ததும் ஸ்குரூவை மூடி, இரண்டாவது ஃபில்டர். அதுவும் தெளிந்ததும் பம்ப். எங்கள் வண்டியில் இருப்பது டிபிஏ ரோட்டரி பம்ப். இதில் ஏர் ஸ்குரூ இரண்டு. கீழே ஹைட்ராலிக் ஹெட் பக்கவாட்டில் ஒன்று, மேலே, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் மூடியில் ஒன்று. எட்டு எம்.எம். ஸ்பானர் இரண்டுக்கும் சரியாக உட்கார்ந்தது. இரண்டையும் தளர்த்தி அடித்து, கீழே உள்ளது தெளிந்ததும் அதை முதலில் மூடினேன். அப்புறம் மேலே. சின்ன ஸ்குரூக்கள், பலத்தைக் காட்டினால் முறிந்துவிடும். இந்தப் பம்புக்குத் தனி ஆயில் கிடையாது, உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு எண்ணெய். மூன்று சிலிண்டருக்கும் ஒரே ஜோடி பிளஞ்சர்தான் அழுத்தித் தருகிறது. தண்ணீரோ துருவோ அதுவரை போய்விட்டால் பம்ப் உண்மையிலேயே கோயமுத்தூர் போக வேண்டியதுதான்.

மூன்று நாசில் நட்டையும் தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுசாக வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். ஐந்தாறு நொடியில் முதல் குழாயில் சளக் என்று ஒரு துப்பல், அடுத்து இரண்டாவது, மூன்றாவது. நட்டுகளை முறுக்கினேன். மறுபடி சாவி. சைலன்சரில் வெள்ளையாக ஒரு பொட்டு, இன்னொன்று, அப்புறம் மூன்று சிலிண்டரும் ஒன்றாகப் பிடித்த அந்த அடி. கொட்டகைக் கூரையிலிருந்து ஆறு மாதத் தூசி கொட்டியது. மாமா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டார். அத்தை பின்னாலேயே ஓடிவந்து அவர் முதுகைப் பிடித்துக்கொண்டார். பாட்டிலில் டீசல் இருந்த வரைக்கும் வண்டி ஒரு தடவைகூடத் திணறவில்லை. பம்ப் நல்ல பம்ப்.

இனி டேங்க் பக்கம்தான் குற்றவாளி. பாட்டிலைக் கழற்றிவிட்டு, டேங்க் டேப்பைத் திறந்து ஹோஸ் முனையை பக்கெட்டில் விட்டேன். டேங்க் இன்ஜினுக்கு மேலே இருக்கிறது, டீசல் தானாகக் கொட்ட வேண்டும். கொட்டவில்லை. நூல் மாதிரி இறங்கியது, கொஞ்ச நேரத்தில் சொட்டானது. மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இப்படி ஆகும் என்பதால் மூடியைத் திறந்து பார்த்தேன். மாற்றம் இல்லை.

டேங்கை முழுக்க வடித்து டேப்பைக் கழற்றினேன். டேப்போடு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் தலையில் ஒரு பித்தளை வலை. வலை என்றே சொல்ல முடியாது, கறுப்பாக, கொழகொழவென்று, குளத்துப் பாசி உருட்டி ஒட்டின மாதிரி. விரலால் வழித்தால் அடியில் துருத்தூள் நறநறத்தது. வடித்த டீசலைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்திருந்தேன். அரை மணி நேரத்தில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது.

டேங்க் பாதி காலியாக மழைக்காலம் முழுக்க நின்றதுதான் காரணம். இங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி முழுக்க ஈரக்காற்று அடிக்கும். காலி இடத்தில் இருக்கிற காற்றின் ஈரம் ராத்திரிக் குளிரில் டேங்க் சுவரில் வேர்த்து இறங்குகிறது. டீசலைவிடத் தண்ணீர் கனம், அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் அந்தக் கோட்டில்தான் நுண்ணுயிர் வளர்ந்து இந்தக் கொழகொழப்பு உண்டாகிறது. சித்திரையிலேயே வலை பாதி அடைத்திருக்க வேண்டும், வாய்க்கால் மேட்டில் மூச்சு வாங்கியது அதனால்தான். மீதியை மழைக்காலம் முடித்துவைத்தது. வண்டியை நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் டேங்கைக் கழுத்துவரை நிரப்பிவிட்டு நிறுத்துங்கள்.

டேங்கை இறக்கி, நல்ல டீசல் ஊற்றிக் குலுக்கி நாலு தடவை கழுவினேன். கடைசித் தடவை வெள்ளைத் துணியில் வடிகட்டியபோது துணியில் ஒன்றும் படியவில்லை. வலையைப் பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்ததில் பித்தளை நிறம் வந்தது. இரண்டு ஃபில்டரையும் பொள்ளாச்சியிலிருந்து வரவழைத்துப் புதிதாகப் போட்டேன்.

எல்லாவற்றையும் மாட்டி, பத்து லிட்டர் ஊற்றி, டேப்பைத் திறந்ததும் ஒரு ஆச்சரியம். ஹோஸிலிருந்து டீசல் சொட்ட ஆரம்பித்தது. ஃபீட் பம்ப் பக்கத்து முனையில், கட்டுக்கம்பி போட்டு இறுக்கியிருந்த இடத்துக்கு அடியில். நேற்று வரை அங்கே ஒரு ஈரம்கூட இல்லை. ஆறு மாதத் தூசிதான் படிந்திருந்தது.

கம்பியை வெட்டி ஹோஸை உருவி வளைத்துப் பார்த்தேன். கம்பி அழுத்திய கோட்டிலேயே தலைமுடி கனத்தில் ஒரு வெடிப்பு, உள்சுவர் வரைக்கும். நேராகப் பிடித்தால் மூடிக்கொள்கிறது, வளைத்தால் வாயைத் திறக்கிறது. வலை அடைத்திருந்த வரைக்கும் ஹோஸுக்குள் டீசல் அழுத்தமே இல்லை, அதனால் வெளியே சொட்டவில்லை. மேலிருந்து வராததால் ஃபீட் பம்ப் இழுத்த இழுப்பில் அந்த வெடிப்பு வழியாக வெளிக்காற்றுதான் உள்ளே போயிருக்கிறது. அந்த நுரை முழுக்க இங்கே நுழைந்த காற்று. வலையும் ஹோஸும் ஒன்றையொன்று மறைத்து வைத்திருந்தன. வெடிப்பு மட்டும் இருந்திருந்தால் கீழே ஈரத்தைப் பார்த்து மாமாவே கண்டுபிடித்திருப்பார். வலையை மட்டும் கழுவிவிட்டுக் கிளம்பியிருந்தால் ஒரு சொட்டு ஒழுக்குதானே என்று நானே அதே கம்பியை முறுக்கிவிட்டிருப்பேன்.

ஹோஸைத் திருப்பிப் பார்த்தால் டீசலுக்கு உண்டான ஹோஸே இல்லை. எப்போதோ அவசரத்துக்குப் போட்ட சாதாரண ரப்பர் குழாய். டீசல் அதை உள்ளே ஊறவைத்து உப்ப வைக்கும், வெளிப்பக்கம் காய்ந்து வெடிக்கும். டீசல் ஹோஸ் ஒரு முழமும் ஸ்குரூ கிளிப் இரண்டும் சேர்த்து ஒரு சாப்பாட்டுச் செலவுகூட இல்லை.

கழற்றிய இடத்திலெல்லாம் செப்பு வாஷர் இருக்கிறது. சைஸ் பார்த்துப் புதிது வாங்க நேரமில்லை, மறுநாள் ஞாயிறு. செப்பு ஒருமுறை நசுங்கினால் இறுகிவிடும், மறுபடி போட்டால் சரியாக உட்காராமல் காற்றை விடும். அத்தையின் கேஸ் அடுப்பில் இடுக்கியால் பிடித்து ஒவ்வொன்றையும் சிவக்கச் சூடு காட்டித் தண்ணீரில் போட்டேன். செப்பு மறுபடி இளகிவிடும். எஃகு என்றால் இதே வேலை எதிராகப் போகும், தண்ணீரில் போட்டால் இறுகும். வெந்த வாஷரைக் கண்ணாடி மேல் வைத்த உப்புத்தாளில் நாலு சுற்றுத் தேய்த்துத் தட்டையாக்கினேன். "வெங்காயம் வதக்கறதுக்கு முன்னால அடுப்பை விட்டுருவியா கண்ணு" என்று அத்தை கேட்டார். ஒன்பது வாஷர், இருபது நிமிடம்.

மூன்றாம் நாள் காலை. ராத்திரி முழுக்க ஆயில் குடித்த ஸ்டாப் வயர் ஒரு விரலில் ஓடியது. பழையபடி வரிசையாக ஏர் எடுத்தேன், பிரைமரி, இரண்டாவது, பம்பில் கீழே, பம்பில் மேலே, நாசில். இந்தத் தடவை எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சாவியைத் திருப்பினேன், இரண்டாவது சுற்றிலேயே பிடித்தது. அரை மணி நேரம் அப்படியே ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த காகிதம் வைத்து ஒற்றிப் பார்த்தேன். ஈரம் இல்லை. பம்பின் மேல் ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தேன், ஒரு குமிழிகூட இல்லை.

ஆனால் நின்ற இடத்தில் ஓடுவது ஒரு சோதனை இல்லை. வண்டி மூச்சு வாங்கியது வாய்க்கால் மேட்டில். டிரெய்லரை மாட்டி, தோப்பில் குவிந்து கிடந்த தேங்காயை முழு லோடு ஏற்றி, அதே மேட்டில் ஏற்றினேன். நடு மேட்டில் வேண்டுமென்றே நிறுத்தி, ஃபர்ஸ்ட் கியரில் மறுபடி எடுத்தேன். புகை ஒரு நொடி கறுத்தது, அப்புறம் சத்தம் கனத்து நிதானமாக மேலே ஏறிவிட்டது. திரும்பி வரும்போது மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கவில்லை, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "மூணும் அடிக்குது" என்றார்.

அன்று மத்தியானமே ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டித் தோப்பில் பாதியை ஓட்டிவிட்டேன். மீதியை மறுநாள் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் எங்கள் வண்டியிலேயே ஓட்டி முடித்தார். ராத்திரி நிறுத்தும்போதெல்லாம் டேங்கை நிரப்பச் சொல்லியிருக்கிறேன்.

புது ரப்பர் இரண்டு நாள் சூட்டில் ஓடியதும் கொஞ்சம் அமுங்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது கிளிப் இரண்டையும் ஸ்குரூ டிரைவர் வைத்துப் பார்த்தேன். டேங்க் பக்கத்துக் கிளிப் அசையவில்லை. ஃபீட் பம்ப் பக்கம் கால் சுற்று வந்தது.